துடுப்பை ரெண்டு பக்கமும் போடணும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சதால குழுவுல நோட்டு எழுதுற வேலை எனக்கு வந்துச்சு. அதனால எழுதி வச்சுப் பார்த்துத்தான் படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

போன ஐப்பசி மாசக் கூட்டத்துல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியூர்ல இருந்து வர்றவங்களை ரெண்டு மூணு நாள் நம்ம மலையில நடத்திக் கூட்டிட்டுப் போறது, நம்ம ஊருல தங்க வைக்கிறது, சாமைச் சோறு ஆக்கிப் போடுறது, இதைக் கூட்டமைப்பே எடுத்து நடத்தலாமான்னு பேச்சு வந்துச்சு. முதல்ல எழுந்து "வேண்டாம்"னு சொன்னவ நான்தான். கோபமாவே சொன்னேன். அருவிக்குப் போற வழியில எவனோ உடைச்சுப் போட்ட பாட்டில்ல என் பையன் கால் கிழிஞ்சு ஒன்பது தையல் போட்டாங்க. அந்தக் கோபம். "வர்றவங்க குப்பையைக் குடுத்துட்டுப் போவாங்க, காசு வேற யாருக்கோ போகும்"னு சொன்னேன்.

அப்போ தலைவி அக்கா சொன்னாங்க: "பார்க்காம வேண்டாம்னு சொல்லக்கூடாது, பார்க்காம வேணும்னும் சொல்லக்கூடாது. இதே வேலையைக் கடல்ல செய்யுற ஊர் ஒண்ணு இருக்கு. நீயே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு." அப்படித்தான் மாசி மாசம் பன்னிரண்டு பேர் நாலு நாள் பட்டறிவுப் பயணமா ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனோம். நாலு நாள் வீட்டை விட்டுப் போறதுக்கு வீட்டுல ஒத்துக்க வைக்கிறதே பெரிய பாடு. என் மாமியார்தான் "போயிட்டு வா, மாட்டை நான் பார்த்துக்கிறேன்"னு சொன்னாங்க. அவங்க இதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை.

போளூர்ல வேன் ஏறி ராத்திரி முழுக்கப் போனோம். விடியக்காலையில தொண்டி பக்கம் காரங்காடுன்னு ஒரு மீனவ கிராமம். நான் கடல்னா அலையடிக்கும்னு நினைச்சுப் போனேன். அது பாக் நீரிணைக் கடல். நம்ம கோமுட்டேரி மாதிரி அசையாம கிடக்குது. கரை ஓரமா அலையாத்திக் காடு. உப்புத் தண்ணியில மரம் நிக்குமான்னு நாங்க ஆச்சரியமாப் பார்த்தோம். அந்த மரத்துக்கு வேர் சேத்துல இருந்து மேல நோக்கி முளைச்சு நிக்குது, ஆணி அடிச்சு வச்ச மாதிரி. சேத்துக்குள்ள காத்து இல்லாததால மேல வந்து மூச்சு விடுதாம். வேண்டாத உப்பை இலை வழியா வெளியே தள்ளுதாம். ஒரு இலையை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரிச்சுது.

அந்த ஊர்ல வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்துதான் சுற்றுலாவை நடத்துறாங்க. ஊர் மக்கள் ஒரு குழு வச்சிருக்காங்க. படகு ஓட்டுறவங்க, வழி காட்டுறவங்க எல்லாரும் அந்த ஊர் ஆளுங்க. நண்டு, மீனு சமைச்சுப் போடுறது நம்மள மாதிரி குழுப் பொம்பளைங்க.

அங்கே எங்களைக் கயாக்ல ஏத்தினாங்க. கயாக்னா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்கார்ற சின்னப் படகு. ஒரே துடுப்புல ரெண்டு முனையிலயும் பலகை இருக்கும். ஏறுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் மிதவைச் சட்டை. புடவை மேலயே மாட்டி விட்டாங்க. அது போடாம யாரையும் ஏத்த மாட்டாங்க, பெரிய ஆபீசரா இருந்தாலும் சரி.

எனக்குத் தண்ணின்னா பயம். நானும் பக்கத்து ஊர் அக்காவும் ஒரே படகுல. அவங்க வலது பக்கம் போட்டா நான் இடது பக்கம் போடுறேன். படகு நின்ன இடத்துலயே செக்கு மாடு மாதிரி சுத்துது. கரையில எல்லாரும் சிரிக்கிறாங்க. வழிகாட்டுற தம்பி சொன்னான்: "அக்கா, முன்னாடி இருக்கிறவங்க எந்தப் பக்கம் போடுறாங்களோ, பின்னாடி இருக்கிறவங்களும் அதே நேரத்துல அதே பக்கம் போடணும். ஒரு பக்கமே போட்டா சுத்திக்கிட்டே இருப்பீங்க. மாத்தி மாத்தி ரெண்டு பக்கமும் போடுங்க." அப்புறம் படகு நேராப் போச்சு. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல ஓடை. கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் தலைக்கு மேலயே உக்காந்திருக்குது. யாரும் பேசலை. துடுப்புச் சத்தம் மட்டும்தான்.

இப்போ நான் சொல்லப் போறதுதான் என் மனசை மாத்தின விஷயம். காட்டுக்கு நடுவுல ஒரு கோபுரம் இருக்குது. அதுல ஏறிப் பார்க்கணும்னு எங்களுக்கு ஆசை. எங்ககூட வேற ஊர்ல இருந்து வந்த ஒரு அதிகாரியும் இருந்தார். பாதி வழியில அந்தத் தம்பி தண்ணியைப் பார்த்தான், மரத்து வேரைப் பார்த்தான். "தண்ணி வத்துது, இப்பவே திரும்பணும்"னான். எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு அந்த அதிகாரி கேட்டார். "இல்லைங்க சார், திரும்புங்க"ன்னு தம்பி ஒரே வார்த்தையாச் சொன்னான். அவர் மறு பேச்சு பேசாம படகைத் திருப்பினார். நாங்க கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தா, வந்த வழியில சேறு தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா படகு தரை தட்டி, முட்டி அளவு சேத்துல இறங்கித் தள்ளியிருக்கணும்.

அந்தத் தம்பி எட்டாவதுதான் படிச்சிருக்கான். நான் கேட்டேன். அவன் சொல்லுக்குப் படிச்சவர் கட்டுப்பட்டார். ஏன்னா அந்தத் தண்ணி அவனுக்குத் தெரியும்.

எனக்கு உடனே நம்ம ஆம்பளைங்க ஞாபகம் வந்துச்சு. நம்ம மலையில எந்தப் பாறையில தேன் இருக்கு, எந்தத் தடத்துல கரடி வரும், எந்த ஊத்து சித்திரையிலும் வத்தாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு இதுவரைக்கும் வந்த விலை என்ன? புரோக்கர் முன்பணம் குடுத்து வண்டியில ஏத்திட்டுப் போறான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டுல 20 பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, அதுல நம்ம மலைக்காரங்களும் இருந்தாங்க. இந்தக் கூட்டத்துல இருக்கிற எத்தனையோ பேருக்கு அது பேப்பர்ல படிச்ச சேதி இல்லை. என் கொழுந்தனும் ஒரு தடவை முன்பணம் வாங்கிட்டுப் போனான். பதினோரு நாள் போன் இல்லை. அந்தப் பதினோரு நாளும் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது, ஆனா யாரும் சாப்பிடலை. காட்டைத் தெரிஞ்சவனுக்குக் காட்டைக் காட்டுறதுக்கே கூலி கிடைச்சா, அவன் ஏன் அந்த வண்டியில ஏறணும்?

மூணாம் நாள் பாம்பன் போனோம். குந்துகால்னு ஒரு இடம். 1897-ல விவேகானந்தர் வெளிநாட்டுல இருந்து வந்து இறங்கினது அங்கேதான், நினைவு மண்டபம் இருக்குது. அங்கேயிருந்து வனத்துறைப் படகுல குருசடைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல மொத்தம் 21 தீவு. 1986-ல அதைக் கடல் தேசியப் பூங்காவா ஆக்கினாங்க. நினைச்ச தீவுல நினைச்ச நேரம் இறங்க முடியாது. தீவுல வழிகாட்டி முன்னாடி நடக்க, நாங்க வரிசையாப் பின்னாடி நடந்தோம். மண்ணு வெள்ளையா இருக்கு, எல்லாம் பவளமும் சிப்பியும் பொடிஞ்ச மண்ணு.

அங்கே நான் ஒரு தப்பு பண்ணேன். வெள்ளையா பூ மாதிரி ஒரு பவளத் துண்டு கிடந்துச்சு. என் மகளுக்குக் குடுக்கலாம்னு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். வழிகாட்டுறவர் பார்த்துட்டார். "அம்மா, அதை எடுத்த இடத்துலயே வச்சிடுங்க. செத்த பவளத்தைக் கூட எடுக்கக்கூடாது, சட்டம்"னார். எல்லார் முன்னாடியும் எனக்கு வெட்கமாப் போச்சு. அப்புறம் அவர் விளக்கினார். முன்னாடி சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தாங்களாம். அந்தப் பாறைதான் அலையைத் தடுத்துத் தீவைக் காப்பாத்துறது. தடுப்பு போனதும் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. 21-ன்னு கணக்குல இருக்கு, கண்ணுக்குத் தெரியறது 19. ஒவ்வொருத்தரும் ஒரு துண்டுதான் எடுத்திருப்பாங்க. நம்ம சந்தன மரமும் அப்படித்தானே போச்சு?

அன்னைக்குச் சாயந்திரம் பாசி எடுக்கிற பொம்பளைங்களைப் பார்த்தோம். மூச்சை அடக்கி முங்கிப் பாறையில இருக்கிற பாசியை எடுக்கிறவங்க. அந்தப் பாசிதான் ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் போகுது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அம்மாவைப் பத்திச் சொன்னாங்க. பாசி எடுக்கிற பொம்பளைங்களுக்குத் தலைவியா நின்னதுக்காக 2015-ல சீக்காலஜின்னு ஒரு வெளிநாட்டு அமைப்பு அவங்களுக்கு விருது குடுத்திருக்கு. அந்தப் பொம்பளைங்க தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. மாசத்துல பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போறது, பாறையை இரும்பால சுரண்டக் கூடாது. கடல்ல விசைப்படகுக்கும் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை. மீனு குஞ்சு பொரிக்கிற காலத்துல கடலுக்கு ஓய்வு.

கடைசி நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர். இடிஞ்ச சர்ச்சு இன்னும் நிக்குது. அங்கே ஆழமில்லாத தண்ணியில பூநாரை கூட்டம் கூட்டமா நிக்குது. சிறகை விரிச்சா உள்ளே ரோஸ் நிறம். கிட்டப் போகாம தூரத்துல இருந்தே பார்த்துட்டு வண்டி ஏறினோம்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். நம்மகிட்ட கடல் இல்லை. ஆனா காவலூர்ல 1986-ல அவ்வளவு பெரிய தொலைநோக்கியை ஏன் வச்சாங்க? நம்ம மலையில ராத்திரி சுத்தமான இருட்டு, நட்சத்திரம் தெளிவாத் தெரியும்னுதான். நமக்கு அது வாசல்ல படுத்தா தெரியறது. ஊர்க்காரங்களுக்கு அது பார்க்கக் கிடைக்காதது. சாமை வயல், தேன், பலா, ஊத்துத் தண்ணி எல்லாமே அப்படித்தான்.

நான் வேண்டாம்னு சொன்னவ. இன்னைக்கு "செய்யலாம், ஆனா நம்ம கட்டுப்பாட்டுல மட்டும்"னு சொல்றேன். நம்ம குழுவுக்குப் பஞ்சசூத்திரம் இருக்கிற மாதிரி இதுக்கும் அஞ்சு கட்டுப்பாடு எழுதிக் கொண்டு வந்திருக்கேன்.

ஒண்ணு, ஒரு தடவைக்குப் பத்து பேருக்கு மேல கூடாது. பத்து பேர் போனா தடம் இருக்கும், நூறு பேர் போனா ரோடு ஆயிடும்.

ரெண்டு, மலைக்கு ஓய்வு வேணும். பங்குனி சித்திரையில காடு காஞ்சு தீப்பிடிக்கிற காலத்துல யாரையும் கூட்டிட்டுப் போகக்கூடாது. சாமை அறுப்பு சமயத்துலயும் வேண்டாம், அப்போ நமக்கே கை போதாது.

மூணு, கொண்டு வந்த பொருளைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும். ஏறும்போது பையை எண்ணணும், இறங்கும்போது எண்ணணும். சாராயப் பாட்டில் இருந்தா அங்கேயே திருப்பி அனுப்பணும். காட்டுல இருந்து ஒரு கல்லுகூட எடுத்துட்டுப் போகக்கூடாது. ஓடையில குளிக்கிற பொம்பளைங்களைப் போட்டோ எடுக்கக் கூடாது.

நாலு, வழிகாட்டி நம்ம ஊர் ஆளாத்தான் இருக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்பளை கண்டிப்பா கூடப் போகணும். வனத்துறை அனுமதியும் முதலுதவிப் பயிற்சியும் இல்லாம ஆரம்பிக்கக் கூடாது. வழிகாட்டி "திரும்பு"ன்னா திரும்பணும், யாரா இருந்தாலும்.

அஞ்சு, பணம் யார் கையிலயும் போகக் கூடாது, கூட்டமைப்புக் கணக்குல போகணும். மாசக் கூட்டத்துல வரவு செலவை வாசிச்சுக் காட்டணும். சமைச்சவங்களுக்கும் நடந்தவங்களுக்கும் கூலி போக, மீதியில ஒரு பங்கு ஊருக்குன்னு நிக்கணும்.

இந்த அஞ்சுல ஒண்ணை விட்டாலும் நான் மறுபடியும் எழுந்து "வேண்டாம்"னு சொல்லுவேன். ஒரு பருவம் செஞ்சு பார்ப்போம். சரியா வரலைன்னா நிறுத்திடுவோம். நிறுத்துற அதிகாரமும் நம்ம கையிலதான் இருக்கணும். இன்னைக்குத் தீர்மானம் போடும்போது ஒவ்வொருத்தரும் யோசிச்சுக் கையைத் தூக்குங்க. பக்கத்துல இருக்கிறவங்க தூக்குறாங்கன்னு தூக்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் மகள் "எனக்கு என்னம்மா வாங்கிட்டு வந்தே"ன்னு கேட்டா. பவளத்தைத் திருப்பி வச்ச கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. அப்புறம், "அப்போ அது இன்னும் அங்கேயே இருக்கா?"ன்னு கேட்டா. இருக்கும்னேன். "நான் பெரியவளானா போய்ப் பார்க்கிறேன்"னா.

என் மாமியாரையும் ஒரு தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன். மாட்டை அப்போ யார் பார்த்துக்கிறதுன்னுதான் தெரியலை.