87 வாக்கை எந்தக் கணிப்பு காணும்?



அண்ணாமலைநகரில் கூடி, சாவடி வாசலில் எடுக்கும் வாக்குக்கணிப்பைப் பற்றிப் பேச உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். நம் சிதம்பரம் மக்களவைத் தொகுதியே போதும். 2019-இல் தொல். திருமாவளவன் பெற்றது 5,00,229 வாக்குகள். அதிமுக வேட்பாளர் சந்திரசேகர் பெற்றது 4,97,010. வித்தியாசம் 3,219. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, இத்தொகுதிக்குள் அடங்கிய காட்டுமன்னார்கோயில் சட்டமன்றத் தொகுதியில் அதே திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். ஒரு தெருவில் இருக்கும் வாக்கு அது.

தேர்தல் முடிவு சரிதானா என்று வாக்குக்கணிப்பை வைத்துச் சோதிக்கலாமா? நெருங்கிய போட்டியில் முடியாது என்பதே என் நிலை. 2019-இல் இருவரும் 43 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள், இடைவெளி 0.3 சதவீதத்துக்கும் குறைவு. சாவடி வாசலில் ஆயிரம் பேரைக் கேட்டால், கணிப்பு காட்டும் இடைவெளி ஏறத்தாழ ஆறு புள்ளி வரை இப்படியும் அப்படியும் ஆடும். 3,219-ஐ உறுதியாகப் பிரித்தறிய லட்சக்கணக்கானோரைக் கேட்டாக வேண்டும். அதற்கு வாக்குகளையே மறுபடி எண்ணிவிடலாம்.

மாதிரியின் அளவைவிடப் பெரிய சிக்கல், பதில் சொல்பவரின் அச்சம். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளிலேயே, இத்தொகுதியைச் சேர்ந்த பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அப்படிப்பட்ட சூழலில், சாவடியிலிருந்து வெளியே வரும் ஒரு பெண்ணை முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி, "யாருக்கும்மா போட்டீங்க?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? சுற்றிலும் ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். பேசாமல் போய்விடுவார், இல்லையென்றால் நிற்பவர்களுக்குப் பிடித்த பெயரைச் சொல்வார். அந்தப் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். ரகசிய வாக்கு தந்த பாதுகாப்பை அவர் காத்துக்கொள்கிறார். ஆனால் இந்த மௌனம் எல்லாத் தரப்பு வாக்காளரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. எத்தனை ஆயிரம் பேரைக் கூடுதலாகக் கேட்டாலும் அந்தச் சாய்வு கரையாது. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் கணிப்பு கெர்ரி பக்கம் சாய்ந்தது, வென்றவர் புஷ். கெர்ரியின் வாக்காளர்களே அதிகம் பதில் சொல்ல முன்வந்தார்கள் என்று கணிப்பை நடத்தியவர்கள் பின்னர் விளக்கினார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் பல கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293. அப்போது கணிப்பைத்தான் குறை சொன்னோம். நமக்குப் பிடித்தவர் தோற்கும்போது மட்டும் அதே கணிப்பைச் சாட்சிக்கு அழைப்பது ஆய்வாகாது.

சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்கின் கணக்கு 17சி படிவத்தில் ஏறி, பூத் ஏஜென்ட் கைக்கு வருகிறது. வாக்கைக் காகிதத்தில் அச்சிடும் விவிபாட் கருவியின் சீட்டுகள் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடி வீதம் எண்ணப்படுகின்றன. சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்கு 30 சாவடிகள். வித்தியாசம் 87 ஆனாலும் 87,000 ஆனாலும் அதே ஐந்துதான். எனக்கு ஆறாத விஷயம் இது. போட்டி நெருங்க நெருங்கச் சோதிக்கும் சாவடிகளும் கூட வேண்டாமா? புள்ளியியல் படித்தவர்கள் வாதாட வேண்டிய களம் இதுதான்.

வாக்குக்கணிப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. பெண்கள் எதை எண்ணி வாக்களித்தார்கள், முதல்முறை வாக்காளர் எந்தப் பக்கம் போனார் என்பதை வாக்கு இயந்திரம் சொல்லாது. அதற்குக் கணிப்பு வேண்டும். இன்று கட்டுரை வாசிக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதோடு, எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், எந்தச் சாவடியில் மறுத்தார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.