ஆலய வீதியும் அரசியல் மேடையும்



சமயமும் அரசியலும் வேறு வேறாக நிற்கவேண்டுமென்று அடிக்கடி கேட்கிறோம். பல சமயத்தவர் கலந்து வாழும் நாட்டில் அந்த எல்லையை எங்கே இடுவது என்பதுதான் வில்லங்கம். அயல்நாடாகிய இந்தியாவில் எழுந்த ஒரு வழக்கைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

அந்நாட்டின் 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123 ஆம் பிரிவின்படி, அபேட்சகர் ஒருவர் 'அவருடைய' சமயம், சாதி, மொழி முதலியவற்றைக் காட்டி வாக்குக் கேட்பது குற்றமாகும். பெற்ற வெற்றி செல்லாது போகும். ஆறாண்டு வரை போட்டியிடும் உரிமையையும் இழக்க நேரலாம். 'அவருடைய' என்றது அபேட்சகரை மட்டுமா, வாக்காளரையுமா? இவ்வொரு சொல்லின் பொருளை ஆராய உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்ந்தனர். 2017 சனவரி 2 இல் நால்வர், அச்சொல் வாக்காளரையும் குறிக்கும் என்றும், எவர் சமயத்தின் பேராலும் வாக்குக் கேட்டலாகாது என்றும் தீர்த்தனர். மூவர் உடன்படவில்லை. சமயத்தாலும் சாதியாலும் அநீதியுற்றோர் அதனைத் தேர்தல் மேடையிற் பேசவுங் கூடாதெனின், சனநாயகம் வெறும் பெயராய்விடும் என்பது அவர்கள் கருத்து.

இரு சாரார் பக்கத்திலும் நியாயம் உண்டு. "நம் தெய்வத்தின் பேரால் வாக்குத் தாருங்கள்" என்பது பக்தியை விலைபேசுதல். "எங்கள் ஆலயக் காணி பறிபோயிற்று, நீதி வேண்டும்" என்பது குடிமக்களின் முறையீடு. முன்னதைச் சட்டம் தடுக்கட்டும். பின்னதையும் தடுத்தாற் பெரும்பான்மையோருக்கு நட்டமில்லை. சிறுபான்மையோரின் வாய்தான் அடைபடும்.

நமக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. ஒரு சமயத்தவருக்கு இல்லாத சலுகையை இன்னொரு சமயத்தவருக்குப் பாராளுமன்றம் வழங்கலாகாதென்று சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு கூறிற்று. 1972 இல் அப்பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளிக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரையும் அவ்விடத்தை உறுதிசெய்கிறது. 10 ஆம் உறுப்புரை யாவர்க்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தை வழங்குகிறது. இந்நிலையில் முறையிடும் உரிமையின் அருமையை நமக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் நம் முற்றத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்தற் காலத்தில் ஆலய வாசலில் அபேட்சகருக்கு மாலையும் காளாஞ்சியும் காத்திருப்பதில்லையா? "அவர் வேதக்காரர்" என்ற முணுமுணுப்பு நம் காதில் விழுவதில்லையா? மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு அச்சொல் சுடுகிறது. திருநீற்றோடு வகுப்பிற் சென்றமர்ந்த நம்மை, நமக்குக் கற்பித்த கிறிஸ்தவ ஆசிரியர்கள் வேறாக நடத்தியதில்லை.

இங்கிருக்கும் பெரியோர் அறிவார்கள். கிறிஸ்தவராகிய செல்வநாயகம் அவர்களை, சைவர் மிகுந்த காங்கேசன்துறைத் தொகுதி 1947 இலும், பின்னர் 1956 முதல் பலமுறையும் தெரிவுசெய்தது. அதற்கு எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நமது மேடையில் எந்த அபேட்சகருக்காகவும் வாக்குக் கேளோம். எச்சமயத்தவருக்கு அநீதி நேரினும் அதே மேடையில் அஞ்சாது பேசுவோம். இவ்விரண்டையும் நாம் கடைப்பிடித்தால், பிறரிடம் நியாயம் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.