கவிதையின் அறம் எங்கே பிறக்கிறது?

(இலக்கியக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கு அறநோக்கம் உண்டா என்னும் கேள்விக்கு இரண்டு விடைகள் நீண்ட காலமாக நம் முன் வைக்கப்பட்டு வருகின்றன. கவிதை அழகுக்காக மட்டுமே பிறக்கிறது, அதனிடம் நீதி நியாயம் கேட்கலாகாது என்பது ஒன்று. கவிதை மக்களுக்கு நல்லொழுக்கம் போதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டுமே கவிதையை வாழ்விலிருந்து பிரித்துவைத்தே பேசுகின்றன. முதலாவது, வாழ்வை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இரண்டாவது, வாழ்வுக்கு மேலே மேடை போட்டு ஏறி நின்று உபதேசம் செய்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு பாதை நம் நாட்டு இலக்கிய வரலாற்றிலேயே இருக்கிறது.

1936 ஏப்ரலில் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர்களின் முதல் அகில இந்திய மாநாடு கூடியது. சஜ்ஜாத் ஜாகிர் முன்னின்று அமைத்த அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பிரேம்சந்த். இலக்கியத்தின் நோக்கம் குறித்து அவர் ஆற்றிய உரை, அழகை மறுக்கவில்லை. அழகை அளக்கும் அளவுகோலை மாற்றக் கோரியது. செல்வர் மாளிகையின் அலங்காரத்தில் அழகைக் கண்ட கண், வயல் வரப்பில் குழந்தையைக் கிடத்திவிட்டு உழைக்கும் ஏழைத் தாயிடம் ஏன் அதைக் காணவில்லை என்பதே அவர் எழுப்பிய வினா. அந்தக் கண்ணுக்கும் ஒரு வர்க்கச் சார்பு உண்டு என்பதை அவர் உணர்த்தினார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வினாவுக்கு, ஏழே ஆண்டுகளில் வங்கத்தில் கடுமையான சோதனை வந்தது.

பெயர் சொல்லும் துணிவு

1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. பின்னர் வந்த ஆய்வாளர் பலர் 30 லட்சம் வரை மதிப்பிட்டனர். கல்கத்தாவின் நடைபாதைகளில் மக்கள் கஞ்சிக்குக் கையேந்தி விழுந்துகொண்டிருந்த வேளையிலும், பஞ்ச நிவாரணச் சட்டவிதிகளின்படி அதைப் பஞ்சம் என்று அறிவிக்கக் காலனி அரசு மறுத்தது. பெயரை ஒப்புக்கொண்டால் கடமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே பெயரே மறைக்கப்பட்டது.

அரசு சொல்ல மறுத்த சொல்லைக் கவிஞர்கள் சொன்னார்கள். பாசிச எதிர்ப்பு எழுத்தாளர் கலைஞர் சங்கத்தின் சார்பில் 1944-இல் ஒரு கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் 'அகால்'. வங்க மொழியில் பஞ்சம் என்று பொருள். அதைத் தொகுத்தவர் சுகாந்த பட்டாச்சார்யா. அப்போது பதின்வயதைத் தாண்டாத இளைஞர். அவ்வாண்டே அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார்.

கவிதையின் அறம் இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து. கவிதை எவருக்கும் ஒழுக்கம் கற்பிக்கத் தேவையில்லை. நடப்பதை அதன் உண்மைப் பெயரால் அழைத்தால் போதும். சொற்களைக் காப்பது கவிஞனின் தொழில் என்றால், ஆள்வோர் ஒரு சொல்லைத் திருடும்போது அதை மீட்பதும் அவனுடைய தொழிலே. அந்தத் தொழிலை நேர்மையாகச் செய்வதில் அழகும் அறமும் ஒன்றாகின்றன.

சுகாந்தாவின் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று, இரவில் அஞ்சல் பையைச் சுமந்து ஓடும் தொழிலாளியைப் பற்றியது. பிறருடைய பணத்தைத் தோளில் சுமப்பவன் அதைத் தொட முடியாது. அவன் வீட்டிலோ வறுமை. சுரண்டல் குறித்த நீண்ட விளக்கம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஓடும் மனிதனை உற்றுப் பார்த்ததிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. பின்னாளில் சலீல் சௌத்ரி இசையமைக்க, ஹேமந்த முகர்ஜி பாட, அது வங்கத்தின் வீடுதோறும் ஒலித்தது. சுகாந்தா அதைக் கேட்க உயிரோடு இருக்கவில்லை. 1947 மே 13 அன்று காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. நாடு விடுதலை பெற்ற ஆகஸ்ட் 15 அவருடைய 21-ஆவது பிறந்தநாளாக இருந்திருக்கும்.

முழக்கம் மட்டும் போதுமா?

நம் அணியினரிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே பேசியாக வேண்டும். சரியான கருத்து இருந்தால் சரியான கவிதை தானே வந்துவிடும் என்னும் எண்ணம் அது. காதலையும் மழையையும் பாடுபவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

ஹைதராபாத்தின் மக்தூம் மொகியுதீனை நினைத்துப் பாருங்கள். தொழிற்சங்கம் கட்டியவர். தெலங்கானா விவசாயிகளின் போராட்டக் காலத்தில் தலைமறைவு வாழ்வையும் சிறையையும் கண்டவர். 1944-இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயரே 'செவ்விடியல்' என்று பொருள்படும். அதே மனிதர் உருது மொழியின் மென்மையான காதல் கவிதைகளையும் எழுதினார். 1982-இல் வெளிவந்த 'பஜார்' திரைப்படத்தில் அவருடைய கஜல் ஒன்றை ரசித்தவர்களில் பலருக்கு, அதை எழுதியவர் ஒரு கம்யூனிஸ்ட் என்பது தெரியாது. அவருக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கவில்லை. மனிதர்கள் அன்பு செலுத்த நேரமும் அமைதியும் உள்ள உலகம் வேண்டும் என்பதற்காகவே அவர் போராடினார். வாழ்வின் இனிமையை அறியாத கவிதைக்கு, எதை இழந்தோம் என்று சொல்லத் தெரியாது. சோம்பலாக எழுதப்பட்ட புரட்சிக் கவிதையும் உழைக்கும் மக்களை அவமதிப்பதே. தறியில் குறையுள்ள துணியை நெசவாளி மனமுவந்து தருவதில்லை; நாம் மட்டும் குறையுள்ள வரியைத் தரலாமா?

'கவிதை பஞ்சத்தைத் தடுத்ததா?' என்று கேட்பவர்கள் உண்டு. தடுக்கவில்லை. கவிதை அரிசி ஆகாது. மக்கள் அமைப்பாகத் திரண்டு செய்ய வேண்டியதைக் கவிதை செய்துவிடும் என்று நம்புவது ஏமாற்று. ஆனால், நேர்ந்த கொடுமை இயற்கையின் செயல், தலைவிதி, தவிர்க்க முடியாதது என்று மனம் பழகிப்போவதைக் கவிதை தடுக்கிறது. பழகிப்போன மனம் திரளாது.

இதை ஆள்வோர் நன்கு அறிவார்கள். 1979-இல் பாகிஸ்தானின் இராணுவ ஆட்சிக் காலத்தில் ஃபைஸ் அகமது ஃபைஸ் எழுதிய கவிதையை, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான கிளர்ச்சியின்போது நம் மாணவர்கள் பாடினார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் அது பாடப்பட்டது குறித்து விசாரிக்கக் குழுவே அமைக்கப்பட்டது. 2022-இல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஃபைஸின் வரிகள் நீக்கப்பட்டன. தெலுங்குக் கவிஞர் வரவர ராவ் 2018-இல் கைதாகி, முதுமையிலும் நோயிலும் சிறையில் வாடினார். கவிதை பயனற்றது என்றால், அதைக் கண்டு இத்தனை அச்சம் ஏன்?

தோழர்களே! இன்றும் பெயர்கள் திருடப்படுகின்றன. வேலைப் பாதுகாப்பைப் பறிப்பதற்குச் 'சீர்திருத்தம்' என்று பெயர். ஏழைகளின் குடிசைகளை இடிப்பதற்கு 'அழகுபடுத்துதல்' என்று பெயர். இச்சொற்களை விலக்கி உண்மையின் பெயரைச் சொல்வது இன்றைய கவிஞனின் முதற்கடமை. அக்கவிதைகளைப் படிப்பதும், சங்கக் கூட்டங்களிலும் தெருமுனைகளிலும் பாடுவதும், எழுதியவன் தாக்கப்படும்போது துணை நிற்பதும் நம் கடமை. அறம் கவிஞனுக்கு மட்டும் உரியதன்று. கேட்பவருக்கும் அது உண்டு.