ஆலைச் சங்கு ஓய்ந்தது; நாம் விழிப்போமா?

(நெல்லித்தோப்பில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

புதுவையில் ஆலைச் சங்கு ஊதினால்தான் பல வீடுகளில் அடுப்பெரியும் என்றிருந்த காலம் உண்டு. 1936 ஜூலை 30-இல் 12 ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுகளுக்குப் பலியானார்கள். அந்தத் தியாகத்தால் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. இன்றோ அந்த வேலையே இல்லை! 1898-இல் தோன்றிய ரோடியர் மில், ஏ.எப்.டி. ஆலையாகி, 2020-இல் மூடப்பட்டது.

"நமக்குக் கடை இருக்கிறதே" என்று வணிகச் சகோதரர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, துண்டுச்சீட்டுக் கணக்கு இனி உதவாது. வாடிக்கையாளரோ கைபேசியிலேயே பொருள் வாங்குகிறார். சுயதொழிலையே பெரிதும் நம்பியுள்ள சமுதாயம் என்று 2006-இல் சச்சார் குழு நம்மைப் பற்றிச் சொன்னதை மறக்கலாமா?

இளைஞர்களே! பட்டத்தோடு ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ளுங்கள். தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கை உழைப்பில் உண்டார்கள். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் பயிற்சி உண்டு. ஐ.டி.ஐ. படியேறத் தயங்காதீர்கள்.

வணிகர்களே! மகனிடம் கடைச் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்; கணினிக் கணக்கையும் கற்றுக்கொடுங்கள். ஆளுக்கோர் ஏழை இளைஞருக்குத் தொழில் பழக்குங்கள். ஜகாத் வாங்கும் கை, கொடுக்கும் கையாகும், இன்ஷா அல்லாஹ்!