பிள்ளையின் எடையும் தாய் தூக்கிய சுமையும்

(பாகான் டாலாம் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராணிமாராகிய எங்களுக்கு நிறுத்து எழுதுவதுதான் பிழைப்பு. யார் எத்தனை கிலோ பால் கொண்டு வந்தார் என்று பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் பேரேட்டைப் புரட்டிச் சொல்வோம். அந்தப் பாலைச் சுமந்தவள் எத்தனை மாதக் கர்ப்பிணி என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மராட்டியத்தில் புனே நகருக்கு அருகே ஆறு கிராமங்கள். கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993-இல் தொடங்கி, கருத்தரிக்கும் முன்பே பெண்களை நிறுத்து, பிள்ளைப்பேறு வரை பின்தொடர்ந்தார்கள். தாயின் சராசரி எடை சுமார் 42 கிலோ, பிள்ளைக்கு 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கோ 3.5 கிலோ.

எடை குறைந்தாலும் உடம்பில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை; தசைதான் குறைந்தது. பின்னாளில் வரும் சர்க்கரை வியாதிக்கு இதுவும் வித்து என்கிறார்கள். நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் 2009-இல் தொடங்கிய ஆய்விலும் இந்தியப் பிள்ளைகளுக்கு வயிற்றுக் கொழுப்பு சீனப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தது.

புனேயில் தாய்மாரின் சாப்பாட்டையும் வேலையையும் கேட்டு எழுதினார்கள். கீரையும் பழமும் அடிக்கடி உண்டவளுக்குப் பிள்ளை பெரிதாகப் பிறந்தது. (சோற்றை மட்டும் குவித்து வைக்கும் மாமியார்கள் கவனிக்க!) வயல் வேலை, தண்ணீர் சுமப்பது, துணி துவைப்பது என்று பளு ஏற ஏறப் பிள்ளையின் எடை இறங்கியது.

“எங்கம்மா பிள்ளை பெற்ற அன்றைக்கும் காலையில் மரம் வெட்டினாள்” என்று நம்மில் பெருமை பேசுவோர் உண்டு. வெட்டினாள், உண்மை. பெரட்டில் பேர் போய்விடுமே என்ற பயத்தில் வெட்டினாள்.

2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. நல்லதுதான். ஆனால் பிரசவத்துக்கு 30 நாளுக்கு மேல் முந்தி அந்த விடுப்பைத் தொடங்கச் சட்டம் இடம் தரவில்லை. புனேயில் வேலைப் பளுவைக் கேட்டது கர்ப்பத்தின் 18-ஆம், 28-ஆம் வாரங்களில். அந்த வாரங்களில் நம் பெண் காண்டா வாளியோடு மேட்டு நிரையில் நிற்கிறாள்.

ஆகையால் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதை வைப்போம்: நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிக்குச் சுமை கூடாது, மேட்டு நிரை கூடாது, கூலி குறையாமல் இலகு வேலை தரவேண்டும். தாய்மார்களே, வெட்கப்படாமல் கிளைச் செயலாளரிடம் மாதக் கணக்கைச் சொல்லுங்கள். கிளைப் புத்தகத்தில் அதற்கென்று நாங்களே கட்டம் போட்டு வைத்துவிட்டோம்.