பழைய மீன்தொட்டி: தண்ணீர் ஊற்றும் முன்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு காலி செய்து போகிறவர்கள் மீன்தொட்டியை மட்டும் கார் நிறுத்துமிடத்தில் விட்டுச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சும்மா கிடைக்கிறதே என்று நாமும் தூக்கி வந்துவிடுவோம். தாராளமாக எடுத்து வாருங்கள். ஆனால் தனி வீட்டில் தொட்டி ஒழுகினால் நம் தரை நனையும். அடுக்குமாடியில் கீழ்வீட்டாரின் கூரையும் நனையும். அதனால்தான் சில விஷயங்களைச் சொல்ல வந்தேன்.

வங்கியில் வேலை பார்த்தவன், முதலில் கணக்குதான். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 85 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் கற்களும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். டீப்பாய் தாங்காது. உறுதியான, ஆட்டமில்லாத மேசை வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போடுங்கள். ஒரு சிறு கல் அகப்பட்டாலும் கண்ணாடி விரிசல் விடலாம்.

அடுத்து, தொட்டியைப் பாருங்கள். கண்ணாடியில் விரிசல் இருந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள். பிறகு சிலிகான் பசை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் பசைதான் தொட்டியைத் தாங்குகிறது. உள்மூலைகளில் தெரிவது அதற்குக் காவல். நடுப்பசையில் பிளவு தெரிந்தால், தொட்டி செய்யும் கடையில் கொடுத்துப் பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். மூலைப்பசை மட்டும் உரிந்திருந்தால் நாமே சரிசெய்யலாம்.

அதற்கு முன் சுத்தம். கண்ணாடியில் படிந்திருக்கும் வெள்ளை, போர்வெல் தண்ணீரின் உப்பு. வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒட்டி வைத்துத் தேய்த்தால் போய்விடும். சோப்பு வேண்டாம், மிச்சம் தங்கினால் மீனுக்கு ஆகாது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

மூலைப்பசையைப் பிளேடால் முழுவதும் சுரண்டி எடுங்கள். பழைய சிலிகான்மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது. மீன்தொட்டிக்கு என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது மீனைக் கொல்லும். பூசிய பின் ஒரு வாரம் காயட்டும்.

இனிதான் முக்கியமான கட்டம். ஒழுகல் சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். தரைத்தளத்தில், சமமான இடத்தில், தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் விரித்து வையுங்கள். முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முழுவதும் என்று தண்ணீர் நிரப்புங்கள். 48 மணி நேரம் தாள் நனையாமல் இருந்தால் தொட்டி தேறியது. தண்ணீரை முழுக்க இறைத்த பிறகே தூக்குங்கள். தண்ணீரோடு நகர்த்தினால் ஒட்டு விட்டுப்போகும்.

வீட்டில் வைத்துத் தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் வாங்க ஓட வேண்டாம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். புதுத்தொட்டியில் மீன்கள் வரிசையாகச் சாவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம்.

இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம், ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு ஈரத்தோடு வாங்கி உங்கள் ஃபில்டரில் போடுங்கள். காத்திருக்கும் காலம் குறையும். தயிருக்கு உறை கேட்டு வாங்குகிறோமே, அதுபோலத்தான்.

சோதனைக்குத் தொட்டியைக் கீழே இறக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் ஒரு கை பிடிக்கிறேன்.