குடிபெயரும் முன் காற்றையும் விசாரியுங்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்புக்காக ஊர் மாறுவது நமக்குப் புதிதல்ல. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறோம். போகுமுன் கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அந்த ஊர்க் காற்று எப்படி என்று மட்டும் கேட்பதில்லை. வீட்டில் ஆஸ்துமாவோ, தூசி பட்டால் இழுக்கும் அலர்ஜியோ உள்ளவர் ஒருவர் இருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளூரில் நாளுக்கு 500 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13,000. வெளியூரில் 600 ரூபாய் தருகிறார்கள். ஆனால் இழுப்பு வந்து மாதம் நாலு நாள் படுத்துவிட்டால் 22 நாள்தான் வேலை. மொத்தம் 13,200. கூடுதலாகக் கிடைத்தது 200 ரூபாய். அதை வைத்தியரும் இன்ஹேலரும் ஒரே நாளில் வாங்கிக்கொள்வார்கள். படுத்தது குழந்தையாக இருந்தால், கூடவே இருக்கும் தாயின் கூலியும் போகும்.

காற்றை எப்படி அறிவது? 2015 முதல் நம் நாட்டில் காற்றுத் தரக் குறியீடு என்ற ஒன்று இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடுகிறது. 'சமீர்' என்ற செயலியைக் கைபேசியில் போட்டுக்கொண்டால் பார்க்கலாம். 50 வரை நல்லது. 100 வரை திருப்தி. 200 வரை மிதமான மாசு. 300 வரை மோசம். 400 வரை மிக மோசம். அதற்கு மேல் கடுமை.

'திருப்தி' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது, தோழர்களே! நுண்தூசியை 'பி.எம். 2.5' என்பார்கள். தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராத தூசி அது. நுரையீரலின் அடிவரை போய்ப் படிவது. நம் நாட்டு விதியில் ஒரு நாளைக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இது இருக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சொன்ன வரம்பு 15 மட்டுமே. 100 வரை உள்ள காற்றிலும் நலிந்தவர்களுக்குச் சிறிது மூச்சுச் சங்கடம் வரலாம் என்று வாரியமே சொல்கிறது. 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமாக்காரருக்குச் சங்கடம் என்றும் சொல்கிறது. ஆகவே நம் வீட்டு நோயாளிக்கு 50-க்குள் எத்தனை நாள், 100-க்கு மேல் எத்தனை நாள் என்பதே கணக்கு.

ஒரு நாள் பார்த்தால் போதாது. மார்கழி, தை மாதங்களில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கும். புகை மேலே எழும்பாது. விடியற்காலை அதனால்தான் மோசம். மழைக்காலத்தில் பார்த்துவிட்டு 'நல்ல ஊர்' என்று முன்பணம் கொடுத்தவர் தை மாதத்தில் தவிப்பார்.

காற்றின் திசையும் முக்கியம். தென்மேற்குப் பருவத்தில் புகைபோக்கிக்கு வடகிழக்கே இருப்பவர்கள் மேல் புகை விழும். வடகிழக்குப் பருவத்தில் தென்மேற்கே இருப்பவர்கள் மேல் விழும். எண்ணூர், மணலி போன்ற ஆலைப் பகுதிகளில் வீடு பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கருவி இல்லாத ஊர்கள் ஏராளம். அங்கே டீக்கடையில் கேளுங்கள்: 'எந்த மாதத்தில் நாற்றம் வரும்? காயப்போட்ட துணியில் கரி படியுமா?' ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: 'இழுப்பு வந்து எந்த மாதத்தில் அதிகம் பேர் வருகிறார்கள்?'

அப்படியானால் கிராமம் போனால் சுகமாகிவிடுமா? அதுவும் நிச்சயமில்லை. குறியீடு மகரந்தத்தை அளப்பதில்லை, பூஞ்சையை அளப்பதில்லை. சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிய இடத்தில் மகரந்தமே எதிரி. கதிரடிக்கும்போது பறக்கும் சுணை, வைக்கோல் தூசி, பூச்சிமருந்து நெடி எல்லாம் நெஞ்சைப் பிடிக்கும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடிமழையோடு புல்லின் மகரந்தம் வந்து இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்துப் பேர் மாண்டார்கள். ஊர் மாற்றம் மருந்துக்கு மாற்றல்ல. புதிய ஊரில் இரண்டு மாதம் சுகமாக இருந்தது என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

பஞ்சாலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் பஞ்சுத் தூசி அதிகம். வார விடுப்பு முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால் அலட்சியம் கூடாது. அது பிஸினோஸிஸ் என்னும் தொழில் வியாதியின் அடையாளம். ஆஸ்துமா இருப்பதை வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தூசி குறைந்த பகுதியில் வேலை கேளுங்கள்.

வீட்டையும் பாருங்கள். பெரிய ரஸ்தாவிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வண்டிப் புகை குறையும். சுவரில் ஈரம் ஏறிய அறை வேண்டாம். அங்கே பூஞ்சை வளரும். சமையல் புகை வெளியேற வழி வேண்டும். கொசுவத்திப் புகையும் நுண்தூசிதான்.

முடிந்தால் முதலில் ஒருவர் மட்டும் போய் வேலையில் சேருங்கள். நோயாளியை உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கவைத்துப் பாருங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தார், இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது என்று நோட்டில் குறியுங்கள். 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற சிறு குழாயில் காலையும் மாலையும் ஊதி, வரும் எண்ணையும் எழுதுங்கள். அந்த நோட்டை வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். 'வாடகை மலிவான இடம் புகைபோக்கியின் நிழலில்தானே இருக்கிறது? நாங்கள் எங்கே போய்த் தேர்ந்தெடுப்பது?' நியாயமான கேள்வி. தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர் நல்ல காற்றுக்குப் போகிறார். வசதி இல்லாதவர் அங்கேயே இருந்து இருமுகிறார். 1952 டிசம்பரில் லண்டன் நகரை ஐந்து நாள் புகைமூட்டம் மூடியது. அரசாங்கக் கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் ஊரைக் காலிசெய்து போயிருக்க முடியுமா? 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. மனிதர்களை மாற்றவில்லை, புகையை மாற்றினார்கள்.

ஆகவே போகிறவர் விசாரித்துவிட்டுப் போகட்டும். போக முடியாதவர்களுக்காக நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்: ஆலைப் பகுதிகளில் காற்றளக்கும் கருவி வேண்டும். அதன் கணக்கு ஊர்ப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஆலைக்குள் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓட வேண்டும், இன்ஸ்பெக்டர் வரும் அன்று மட்டுமல்ல, எல்லா ஷிப்டிலும். கூலியைப் பேரம் பேசத் தெரிந்த நமக்கு மூச்சையும் பேசத் தெரிய வேண்டும்.